கொசுறு

ஃபினோவைப் பேஸ்பாலில் கேட்சர் ஆக்கியது அவன் உடம்புதான். சின்ன வயதிலேயே கட்டை குட்டையாக, தொடை பருத்து, ஓட்டத்தில் எல்லாருக்கும் கடைசியாக வருகிற பையன். தெற்கு டெக்சாசின் வெயிலில் முகத்துக்குக் கம்பிக் கவசம், நெஞ்சுக்கு மெத்தைக் கவசம், முட்டிக்கு ஒன்று என்று மாட்டிக்கொண்டு ஆட்டம் முழுக்கக் குந்தியிருந்து பந்து பிடிக்க வேறு எவனும் முன்வரவில்லை. "நீ குந்து" என்றார்கள். குந்தினான். பள்ளிக்கூடம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை என்று அவன் அப்பா எலியாஸ் சொல்லிச் சிரிப்பார்.

முழுப்பெயர் டெல்ஃபினோ ஒலிவாரெஸ். ஊர் பாலோ செக்கோ. பருத்தியும் சோளமும் விளைகிற ஊர். இரண்டும் பொய்த்த வருஷத்தில் பேஸ்பாலாவது விளையும் என்பார்கள். எலியாஸ் பருத்தி ஜின்னிங் மில்லில் மெக்கானிக். அம்மா அம்பாரோ பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அதே அடுப்பில் அவளோடு நின்று வெந்தவள் ஜோலீன் மிகெஸ்கா. இருவரும் ஒரே காரில் போய் ஒரே காரில் வருவார்கள். ஜோலீனின் மகன் ராய்ஸ்.

ராய்ஸ் பந்து எறிகிறவன். இடதுகைக்காரன். சோளத்தட்டை மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தவனுக்குக் காது மட்டும் இரண்டு ஆள் அளவுக்கு இருந்தது. அவன் எறிகிற பந்து மட்டைக்காரன் பக்கத்தில் வந்ததும் மேசை விளிம்பிலிருந்து உருண்டு விழுந்ததுபோல் குப்பென்று தரைக்கு இறங்கும். அடிக்க வருகிறவன் காற்றை அடித்துவிட்டுப் போவான். ஆனால் அந்தப் பந்தைப் பிடிப்பதும் அதே அளவுக்குக் கஷ்டம். மற்றப் பையன்கள் பிடித்தால் கால் சந்தில் புகுந்து வேலிவரைக்கும் ஓடிவிடும். ஃபினோ மட்டும் நெஞ்சைக் கொடுத்து, தாடையைக் கொடுத்து, எப்படியாவது அதைத் தன் முன்னால் நிறுத்திவிடுவான். அவன் எதிரே இருந்தால்தான் ராய்ஸ் அந்தப் பந்தைப் பயமில்லாமல் எறிவான். ஃபினோவின் விலாவில் எப்போதும் ஒரு காயம் பச்சையாகவும் ஒரு காயம் மஞ்சளாகவும் இருந்தது.

ராய்ஸுக்கு மூக்கு நுனியில் கோபம். கோபம் வந்தால் கை பிசகும். அப்போதெல்லாம் ஃபினோ கவசத்தை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, மெல்ல நடந்து, ராய்ஸ் நின்று எறிகிற மண் மேட்டுக்குப் போவான்.

"என்னடா?"

"அந்தத் தடியன் என்னப் பாத்து இளிக்கறான்."

"உன்னப் பாத்து இல்லடா. உன் காதப் பாத்து. நானே இத்தன வருஷமா அடக்கிக்கிட்டு இருக்கேன், அவனுக்கு என்ன தலையெழுத்து?"

ராய்ஸ் வாயைக் கையுறையால் மூடிக்கொண்டு சிரிப்பான். அடுத்த பந்து நேராக வரும். பார்க்கிறவர்களுக்கு இவன் ஏதோ தந்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்ததுபோல் தெரியும்.

பள்ளியின் கடைசி இரண்டு வருஷம், வலைக்குப் பின்னால் வெளியூர் ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கினார்கள். பல்கலைக்கழக அணிகளுக்குப் பையன்களைப் பொறுக்குகிறவர்கள். மடக்கு நாற்காலி, தொப்பி, கையில் பந்தின் வேகத்தை அளக்கிற துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. ராய்ஸ் கை ஓங்கும்போது அத்தனை துப்பாக்கியும் ஒன்றாக மேலே எழும். அவன் ஓய்ந்து உட்கார்ந்ததும் கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு, பாலோ செக்கோவின் பையன்கள் மட்டை பிடிப்பதைப் பார்க்காமல் சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். ஃபினோ அவர்களுக்குச் சில எட்டுத் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருப்பான். இத்தனை பேர் தனக்குப் பின்னால் இருந்தும் ஒருத்தர்கூடத் தன்னைப் பார்க்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதில் வருத்தம் இருந்ததாக அந்த நாளில் அவனுக்குத் தோன்றவில்லை. பந்து வந்துகொண்டிருந்தது, பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த ஆட்களில் விடாமல் வந்தவர் ஹாலிஸ். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் துணைக் கோச். சிரித்த முகம், இறுக்கிப் பிடிக்கிற கை. மிகெஸ்கா வீட்டுக்குப் போய் ஜோலீனின் பழ ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, ராய்ஸைத் தங்கள் அணிக்குக் கேட்டார்.

"ஃபினோ வந்தா நானும் வர்றேன்" என்றான் ராய்ஸ். "அவன் இல்லாம என் பந்த யார் பிடிப்பா?"

ராய்ஸின் அப்பா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தார். ஹாலிஸ் அசரவில்லை. "அதுக்கென்ன தம்பி. அவனையும் கூட்டிட்டு வா."

அப்படித்தான் ஹாலிஸ் ஒலிவாரெஸ் வீட்டுக்கும் வந்தார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் செய்கிற தமாலேயை அம்பாரோ அக்டோபரிலேயே செய்தாள். முந்தின நாள் முழுக்க மாவு பிசைந்து, கறி வைத்து, சோள மடலில் சுற்றி அவித்தாள். ஹாலிஸ் மடலைப் பிரித்துப் பிரித்துச் சாப்பிட்டார். இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் கிளம்பும் நேரத்தில் எலியாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க பையனுக்கு எழுத்துல எப்ப தருவீங்க, சார்?"

"ராய்ஸுக்கு உதவித்தொகை, அதுக்குப் பேப்பர் உண்டு. உங்க பையனுக்கு அணியில இடம் உண்டு. படிப்புச் செலவுக்கு வேற வழி பாத்துத் தர்றோம். அதுக்குப் பேப்பர் கிடையாதுங்க. என் வார்த்தைதான் பேப்பர்."

எலியாஸ் வாழ்நாள் முழுக்க வார்த்தையில் வேலை செய்த மனுஷன். கையை நீட்டினார். ஹாலிஸ் அதை இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார்.

நவம்பரில் பள்ளிக்கூட உள்ளரங்கில் கையெழுத்து விழா. மேசையில் இரண்டு தொப்பி, இரண்டு பேனா. ஊரே வந்திருந்தது. விழாவுக்கு முன்னால் பள்ளிக் கோச் டெவானி ஃபினோவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"ராய்ஸ் போடறது நிஜமான ஒப்பந்தம். உனக்கு அது இல்லங்கறதால நானே ஒரு தாள் அடிச்சு வச்சிருக்கேன். போட்டோவுக்குத்தான். மனசுல வச்சுக்காத. இடம்னா இடம்தான்."

"தெரியும் கோச்."

ஃபினோ அந்தத் தாளில் தன் முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினான். காமிரா மின்னியது. முன்வரிசையில் அம்பாரோவும் ஜோலீனும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள். வாரப் பத்திரிகையில் வந்த அந்தப் படத்தை அம்பாரோ வெட்டியெடுத்துப் பள்ளிச் சமையலறைச் சுவரில், அன்றன்றைய சாப்பாட்டு விவரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். தட்டு நீட்டிய பிள்ளைகளுக்கெல்லாம் காட்டினாள். "என் பையன். வீட்டுல முதல்ல காலேஜுக்குப் போறவன்."

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஆட்டம். நடுவில் ராய்ஸின் தோளுக்கு ஐஸ் வாங்கிவர ஃபினோ தகரக் கொட்டகைக் கடைக்குப் பின்பக்கமாகப் போனான். முன்பக்கத்தில் ஹாலிஸும் வேறொரு கல்லூரிக்காரரும் வறுவல் தின்றுகொண்டு நின்றார்கள். தகரத்துக்கு இந்தப் பக்கம் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"அந்தக் கேட்சரையும் எடுக்கறீங்களாமே? கை நல்லா இருக்கு. ஆனா காலு நகர மாட்டேங்குதே அவனுக்கு."

"நான் எங்க எடுத்தேன்?" என்று ஹாலிஸ் சிரித்தார். "எனக்கு எறியறவன் வேணும். அவனுக்கு இவன் வேணுமாம். மெக்சிகோக்காரன் மளிகைக் கடையில சாமான் வாங்கினா பசங்களுக்கு மிட்டாய் ஒண்ணு போட்டுக் குடுப்பான் பாரு. கொசுறு. அவ்வளவுதான்."

ஃபினோவின் கையில் ஐஸ் பை சொட்டிக்கொண்டிருந்தது. கொசுறு என்றால் என்னவென்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பாரோவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போன காலத்தில், கடைக்காரர் பெட்டியைத் திறக்கும் முன்பே கையை நீட்டியவன்தான் அவனும். ஐஸைக் கொண்டுபோய் ராய்ஸின் தோளில் வைத்துக் கட்டினான். கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு குந்தினான். அன்றைக்கு ஒரு பந்தைக்கூட விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்பாரோ, "முகமே சரியில்லையே, அடி பட்டுச்சா மிஹோ?" என்று கேட்டாள். மகனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "கொஞ்சம்" என்றான்.

ஜூன் மாதம் தொழில்முறை அணி ஒன்று ராய்ஸைப் பெயர் சொல்லி எடுத்தது. கல்லூரி வேண்டாம், இப்போதே எங்களோடு வா, கீழ்மட்ட அணியிலிருந்து ஆரம்பி என்றார்கள். பாலோ செக்கோவில் அதுவரை யாருக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்ததில்லை. ராய்ஸ் கல்லூரிக்குப் போகாவிட்டால் தன் இடம் என்ன ஆகும் என்று ஃபினோவுக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் ராய்ஸ் ஜின்னிங் மில்லுக்கு வந்தான். விடுமுறையில் ஃபினோ அங்கே அப்பாவுக்கு உதவியாக இயந்திரப் பற்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் லாரியின் பின்பலகையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள்.

"அப்பா கையெழுத்துப் போடுங்கறாரு. அம்மா படிச்சிட்டுப் போங்கறாங்க. நீ சொல்லு" என்றான் ராய்ஸ்.

"நான் என்னத்தச் சொல்ல?"

"நீ போகாதன்னா போக மாட்டேன். ரெண்டு பேரும்னுதானடா பேச்சு."

ஃபினோ தன் விரலிடுக்கில் இருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும். 'இருடா' என்றால் இவன் இருந்துவிடுவான். அப்படிப்பட்டவன்தான் ராய்ஸ். அந்த வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. பிறகு, இவன் தனக்காக நின்று, நாளைக்கே அந்தக் கை உடைந்துபோனால் அந்த முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தான். ஹாலிஸையும் நினைத்தான். அம்மா அவித்ததை அந்த மனுஷன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், அப்பாவின் கையைப் பிடித்திருக்கிறார். அப்படியொன்றும் செய்துவிட மாட்டார். முக்கால்வாசி நம்பாவிட்டாலும் கால்வாசி அதை நம்பினான்.

"போடா லூசு" என்றான். "ஊர் உலகமே வாய்பிளக்கற மாதிரி கூப்பிடறாங்க. இங்க வந்து என்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்கற."

"அப்ப நீ?"

"எனக்கென்ன? காலேஜ்ல உன்ன விட நல்லா எறியறவன் கிடைப்பான். காதும் அளவா இருக்கும்."

ராய்ஸ் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். "தினமும் போன் பண்ணுவேன்" என்றான். அந்த வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

ஜூலையில் ஹாலிஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். அம்பாரோ அடுப்படியில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து என்றதும் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு மகன் முகத்தையே பார்த்தாள்.

"தம்பி, இந்த வருஷம் கேட்சர் ரெண்டு பேர் புதுசா வர்றாங்க. ஆள் அதிகமாயிடுச்சு. உன்னக் கூப்பிட்டு உக்கார வைக்கறது நியாயமில்ல, பாரு. பக்கத்துல ஏதாவது சின்னக் கல்லூரியில முயற்சி பண்ணு. நல்ல பையன் நீ."

"சரிங்க சார்."

"ராய்ஸ்கிட்டப் பேசினா நான் விசாரிச்சதா சொல்லு."

"சொல்றேங்க சார். நன்றிங்க சார்."

வைத்துவிட்டான்.

"என்னவாம்?" என்றாள் அம்பாரோ.

"எப்ப வரணும்னு சொன்னாங்கம்மா."

அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு அவனால் திரும்ப முடியவில்லை. அம்பாரோ புதுப் படுக்கைவிரிப்பு வாங்கினாள். துண்டுகளில் அவன் பெயரின் முதல் எழுத்தை நூலில் தைத்தாள். ஜோலீன் பெட்டி ஒன்று பரிசாகக் கொடுத்தாள். "என் பையந்தான் போகல, உன் பையனாவது படிக்கட்டும்" என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போனாள். உண்மையைச் சொல்லலாம் என்று ஃபினோ ஒவ்வொரு தடவை வாயைத் திறந்தபோதும் அந்த இரண்டு பெண்களும் ஒரே காரில் வந்து இறங்குவது கண்ணில் பட்டது. அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றோடு ஜோலீனின் காரில் ஏற மாட்டாள். நேரே ராய்ஸைக் கூப்பிட்டுக் கேட்பாள். அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பினாலும் திரும்பிவிடுவான். இது ஒரு காரணம். இன்னொன்று, சமையலறைச் சுவரில் படத்தை ஒட்டிவைத்திருக்கிற தாயிடம் 'நான் கொசுறும்மா' என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

கிளம்ப வேண்டிய வாரத்தில் சொன்னான்.

"நான் போகலம்மா. எனக்குப் படிப்பு ஒத்துவராது."

அம்பாரோ மடித்துக்கொண்டிருந்த துண்டை மடித்து முடித்தாள். பெட்டியில் வைத்தாள். பிறகுதான் திரும்பினாள். "என்ன சொன்ன?"

"மில்லுலயே வேலைக்குச் சேந்துக்கறேன். அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"ராய்ஸ் கூட வரலன்னா உனக்குக் கால் கிடையாதா? கடைசிவரைக்கும் அவன் நிழல்லயேதான் நிக்கப் போறியா?"

ஃபினோ பெட்டியின் மூடியைச் சாத்தினான்.

"வாயத் திறந்து பேசு மிஹோ. அந்தப் பள்ளிக்கூட அடுப்புல நான் இத்தன வருஷம் வெந்தது இதுக்கா? நாளைக்கு அந்தப் பிள்ளைங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"விடு அம்பாரோ" என்றார் எலியாஸ் கதவோரத்திலிருந்து.

"விட்டுட்டேன்" என்றாள். அடுத்த நாள் படத்தைச் சுவரிலிருந்து பிய்த்துவிட்டாள். பருத்தி எடுப்பு முடிகிறவரைக்கும் மகனுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

ஹாலிஸுக்கு டெவானி தானே போன் செய்து விஷயத்தைக் கறந்துவிட்டார். மில்லுக்கு வந்து, இயந்திர இரைச்சலில் ஃபினோவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினார். "ரெண்டு சின்னக் கல்லூரியில எனக்கு ஆள் தெரியும். இப்பவே பேசறேன். ஜனவரியில சேந்துடலாம்."

"வேண்டாம் கோச். இன்னொரு தடவ கொசுறாப் போக முடியாது."

"டேய், இது அப்படி இல்லடா. உன் கைக்காக எடுப்பாங்க."

"வேண்டாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க. ராய்ஸ்கிட்ட சொல்லவே கூடாது. சத்தியம் பண்ணுங்க."

டெவானி செய்துகொடுத்தார். கேட்டவனுக்குப் பதினெட்டு வயசு. வீம்பும் காயமும் ஒன்றுதான் என்று நினைக்கிற வயசு. ஹாலிஸ் செய்தது ஒரு பங்கு என்றால் அந்த 'வேண்டாம்' இன்னொரு பங்கு என்று பின்னாளில் ஃபினோவே நெல்டாவிடம் சொல்லியிருக்கிறான். நெல்டா அவன் மனைவி. மில் அலுவலகத்தில் கணக்கு எழுதியவள். அவளிடம் மட்டும் அவன் எதையும் மறைக்கவில்லை.

ராய்ஸ் சொன்னபடி போன் செய்தான். முதலில் தினமும், பிறகு ஞாயிறுதோறும். பஸ்ஸில் தூங்குவதைப் பற்றிச் சொல்வான், கெட்டுப்போன சாண்ட்விச்சைப் பற்றிச் சொல்வான். "இங்க ஒருத்தனுக்கும் என் பந்தப் பிடிக்கத் தெரியலடா" என்பான். இரண்டாம் வருஷம் முழங்கையில் ஏதோ அறுந்தது. வெட்டித் தைத்தார்கள். மறுபடி எறிந்தான். மறுபடி அறுந்தது. மறுபடியும் தைத்தார்கள். பிறகு ஒருநாள் அந்த அணி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. டிராக்டர் விற்கிற கடையில் சேர்ந்தான். கட்டிய மனைவி இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டுப் போனாள். இடது கையை முழுசாக நீட்ட முடியாது. காப்பிக் கோப்பையை வலது கையால்தான் எடுப்பான். சாயங்காலமானால் பீர்.

ஆனாலும் ஃபினோ வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்துவிடுவான். ஃபினோவின் சின்ன மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நற்கருணை நடந்த ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ராய்ஸ் கொஞ்சம் அதிகமாகக் குடித்திருந்தான். நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

"எனக்குத்தான் புத்தி இல்ல, போய்க் கையக் குடுத்துட்டு வந்தேன். இவனுக்கு என்ன கேடு? தட்டுல வச்சுக் குடுத்தாங்க காலேஜ. நடந்து போய் உக்கார வேண்டியதுதான் பாக்கி. கோழி மாதிரி கூட்டுலயே உக்காந்துட்டான். உன் இடத்துல நான் இருந்திருந்தா இன்னிக்கு எங்கயோ கோச்சா இருப்பேன்டா."

"நல்லாக் கேளு" என்றாள் அம்பாரோ, பேத்தியின் தலையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தபடி. "நான் கேட்டு ஓஞ்சுட்டேன். நீயாச்சும் கேளு."

நெல்டா கையிலிருந்த தட்டை மேசையில் ஓங்கி வைத்தாள். ஃபினோ அவளைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தான். அவள் உள்ளே போய்விட்டாள். அவன் இடுக்கியால் இறைச்சியைத் திருப்பிப் போட்டான். கொழுப்பு சொட்டி நெருப்பு சீறியது. "கருகுது, தட்டக் கொண்டாங்க" என்றான்.

எலியாஸ் முதலில் போனார். சில வருஷம் கழித்து அம்பாரோவுக்குச் சர்க்கரை வியாதி சிறுநீரகத்துக்கு ஏறியது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் பக்கத்து ஊருக்கு ஃபினோதான் லாரியில் கூட்டிப்போவான். போகும்போது பேசுவாள், வரும்போது தூங்குவாள். பிறகு ஒரு நாள், "போதும், இனிமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் படுக்க வைத்தார்கள்.

ஒரு மத்தியானம் ஃபினோ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மிஹோ, ஒண்ணு கேக்கறேன். கோபமில்ல இப்ப. ஏன் போகல நீ?"

அவன் கை நின்றது. சொல்லிவிடலாம் என்றுதான் நிமிர்ந்தான். ஜன்னலுக்கு வெளியே ஜோலீன் சூப் பாத்திரத்தோடு காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள், அவளும் கிழவியாகிவிட்டாள். ஒருநாள் தவறாமல் கொண்டுவருகிறாள்.

"பயமா இருந்துச்சும்மா" என்றான்.

அம்பாரோ கையை நீட்டி அவன் தலையைத் தடவினாள். "எனக்குத் தெரியும். உன்ன நான் எங்கயும் விட்டதே இல்ல. கூடவே வச்சுக் கெடுத்துட்டேன். அன்னிக்கு நானே பஸ்ல ஏறி உன்னக் கொண்டுபோய் விட்டிருக்கணும். திட்டிக்கிட்டே நின்னுட்டேன். என் தப்புதான் அது."

"இல்லம்மா. உன் தப்பு இல்லம்மா."

"என் தப்புதான்" என்றாள். ஏதோ தீர்ந்துபோன மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். ஜோலீன் உள்ளே வந்து, தூங்குகிறாளா என்று சைகையில் கேட்டாள். ஃபினோ பாத்திரத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். அங்கே குழாயைத் திறந்துவிட்டு, அது பாட்டுக்கு ஓடட்டும் என்று நின்றான். அன்று சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை அம்பாரோ போய்விட்டாள். இடையில் இருந்த நாட்களில் அவளுக்கு நினைவு சரியாக இல்லை. சொல்ல அவனுக்கு இன்னொரு வேளை வாய்க்கவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலய மண்டபத்தில் சாப்பாடு. டெவானி நடைச் சட்டத்தை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். வயசு எண்பதுக்கு மேல். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற கட்டெல்லாம் தளர்ந்துபோயிருந்தது. ராய்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், அந்த அம்மா கடைசிவரைக்கும் பையனத்தான் குத்தம் சொல்லிச்சு. நீ போனதும் அவன் இடத்த ஹாலிஸ் புடுங்கிட்டான்னு நீயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். ராய்ஸுக்குத் தெரியாது என்று அவருக்கு நினைவே இல்லை.

ஃபினோ நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது ராய்ஸ் வந்து நின்றான். அன்று அவன் குடிக்கவில்லை.

"ஹாலிஸ் எப்ப உனக்குப் போன் பண்ணினான்?"

ஃபினோவுக்குப் புரிந்துவிட்டது. "நீ போனப்புறம்."

"நான் மில்லுக்கு வந்து கேட்டேன்ல. லாரியில உக்காந்து. அப்ப உனக்குத் தெரியுமா, இப்படி ஆகும்னு?"

"தெரியும்னு சொல்ல முடியாது."

"பொய் சொல்லாதடா."

"தெரியும்."

ராய்ஸ் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். "நீ சொல்லியிருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்."

"அதனாலதான் சொல்லல."

"யார்றா உன்னக் கேட்டது? நான் கேட்டனா? நாலு வருஷம் நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஆடியிருப்போம். என் கை போயிருந்தாலும் போயிருக்கட்டும், படிப்பாவது இருந்திருக்கும். நீ எனக்கு நல்லது பண்ணல. எனக்காக நீயே முடிவு பண்ணிட்ட. உங்க அம்மா முன்னாடி உன்னக் கோழின்னு சொன்னேன். அவங்களும் நல்லாக் கேளுன்னாங்க. நீ இறைச்சியத் திருப்பிக்கிட்டு நின்ன. அத நான் எங்க கொண்டுபோய் வைக்கறது இப்ப?"

எறிகிறவன் மேட்டில் தடுமாறும்போதெல்லாம் சொல்வதற்கு ஒன்று ஃபினோவிடம் இருக்கும். இப்போது கையில் ஒரு மடக்கு நாற்காலிதான் இருந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

ராய்ஸ் அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

அதோடு வருவதை நிறுத்திக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. பெரிய மகள் கல்யாணத்துக்கு ஜோலீனை வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, காரிலிருந்து இறங்காமலே போய்விட்டான். ஃபினோ இரண்டு முறை அவன் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் முறைக்குப் பிறகு போகவில்லை. "கோபம் தணியட்டும்" என்றாள் நெல்டா. "கோபம் இல்ல அது" என்றான் ஃபினோ. "கோபம்னா வந்து திட்டியிருப்பான்."

ஃபினோ இப்போது மில்லில் தலைமை மெக்கானிக். குந்திக் குந்தித் தேய்ந்த முட்டி இரண்டையும் மாற்றியாகிவிட்டது. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான்.

போன வாரம் தீவனக் கடையில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். ராய்ஸின் தோளில் நாய்த் தீவன மூட்டை. காது இன்னும் பெரிதாகத்தான் இருந்தது, தலைமுடிதான் நரைத்துவிட்டது. ஒதுங்கிப் போக வழியில்லாத குறுகலான இடம்.

"சோளம் எப்படி?" என்றான் ஃபினோ.

"பூச்சி. இந்த வருஷம் ஒண்ணும் தேறாது. பருத்தி?"

"வந்தாத்தான் தெரியும்."

"மழை வேணும்."

"ஆமா, வேணும்."

ராய்ஸ் மூட்டையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு கல்லாவுக்குப் போனான். ஃபினோ வாங்க வந்த ஆணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, அவன் காசு கொடுத்துவிட்டு வெளியே போகிறவரை அலமாரிப் பக்கமே நின்றான்.